மாநகர சபைத் தேர்தலில் நிற்கலாமா? கொழும்பு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கொழும்பு மாநகர சபையின் தற்போதைய காலம் 2025 ஜூனில் தொடங்கியது. அடுத்த தேர்தலில் நிற்க யோசிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. தேர்தல் சட்டமும் சபை நிருவாகமும் சார்ந்தவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கை: அக்கா, எங்கள் தோட்டக் குடியிருப்பில் ஒரு மழை பெய்தால் கான் (வடிகால்) தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. சபைக்குப் போனால்தான் இதற்கு முடிவு வரும் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்க?

தங்கச்சி, உங்கள் கோபம் சரியான இடத்தில்தான் நிற்கிறது. கான், குப்பை, தெருவிளக்கு, ஒழுங்கைகள், பொதுக் கழிப்பறை, நூலகம், தாய் சேய் கிளினிக் எல்லாம் சபையின் வேலை. குழாய்த் தண்ணீர் நீர் வழங்கல் சபைக்குரியது, கரண்ட் மின்சார விநியோக நிறுவனத்துக்குரியது, பிரதான வீதிகள் பல வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை, பாடசாலை கல்வித் திணைக்களத்துக்குரியது. தொடர்மாடியில் இருப்பவர்கள் கட்டடம் யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். பல, நகர அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கின்றன. சபையால் செய்ய முடியாததை வாக்குறுதியாகக் கொடுத்தவர் ஆறு மாதத்தில் அதே தோட்டத்துக்குள் முகம் காட்ட முடியாமல் போவார்.

தேர்தலுக்குக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது இது. எந்த ஒழுங்கை, எந்த வீட்டு இலக்கத்துக்கு முன்னால் கான் அடைக்கிறது, எந்தத் தேதிகளில் நிரம்பியது என்று எழுதி வையுங்கள். மாநகரப் பொறியியலாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். இப்படி இருபது கடிதம் உள்ள கோவை ஒன்று, எந்தப் போஸ்டரையும் விட உங்களுக்காகப் பேசும்.

அதற்கும் முன்னால் ஒன்று. வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் பாருங்கள். வாடகை வீடு மாறியவர்களின் பெயர் பழைய விலாசத்திலேயே கிடக்கும், அல்லது அடியோடு போயிருக்கும்.

கிருலப்பனை, க.: சுயேச்சையாக எங்கள் வட்டாரத்தில் மட்டும் நான் ஒருவனாக நிற்கலாமா?

முடியாது. சுயேச்சைக் குழு முழுச் சபைக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். கொழும்பில் 47 வட்டாரங்கள், சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். வட்டார வேட்பாளர்கள் 66 பேர், அதற்கு மேல், விகிதக் கணக்கில் வரும் ஆசனங்களுக்கான மேலதிகப் பட்டியல். மொத்தம் நூறு பேருக்கு மேல் தேவை. கட்டுப்பணம், அதாவது வேட்புமனுவுக்கான வைப்புத்தொகை, சுயேச்சைக்குத் தலைக்கு 5,000 ரூபா, அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 1,500 ரூபா. பெருக்கிப் பாருங்கள், ஐந்து இலட்சம் தாண்டும்.

வாக்குச்சீட்டில் உங்கள் பெயரும் இராது. கட்சி அல்லது குழுவின் சின்னத்துக்குத்தான் புள்ளடி. அந்த ஒரே வாக்கு இரண்டு தடவை வேலை செய்கிறது. வட்டாரத்தில் வெல்பவரைத் தீர்மானிக்கிறது, முழுச் சபைக்கான விகிதக் கணக்கிலும் சேர்கிறது. மொத்தம் 2,20,000 செல்லுபடியான வாக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சபையின் அடிப்படை 110 ஆசனத்தால் வகுத்தால் ஆசனம் ஒன்றுக்கு 2,000. ஒரு வட்டாரத்திலும் வெல்லாத குழுவும், வட்டாரத்துக்குச் சராசரி 43 வாக்கு எடுத்தால் பட்டியலில் ஓர் உறுப்பினரைப் பெறும். ஆனால் சபைக்குள் போவது யார் என்பதைக் கட்சிச் செயலாளரோ குழுத் தலைவரோ தான் குறிப்பிடுவார். இதை வேட்புமனுவுக்கு முன்பே பேசி முடியுங்கள்.

மட்டக்குளி, ஓய்வுபெற்ற ஒருவர்: நீங்கள் சொல்வது ஆபத்தான ஆலோசனை, பிள்ளை. ஆளுக்கொரு குழு போட்டால் தமிழ் வாக்கு சிதறும். பெரிய கட்சியோடு சேர்வதுதான் புத்தி.

ஐயா, வட்டாரக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஒருவர் 900, மற்றவர் 700, மூன்றாமவர் 500 என்றால் 900 வெல்லும், 1,200 பேர் விரும்பியது தோற்கும். பட்டியல் கணக்கு வேறு. 2018 இல் மனோ கணேசனின் ஜனநாயக மக்கள் முன்னணி கொழும்பில் ஏணிச் சின்னத்தில் தனித்துப் போட்டியிட்டு 10 ஆசனம் எடுத்தது.

மட்டக்குளி, மீண்டும்: அது கட்டமைப்புள்ள கட்சி. நேற்று முளைத்த குழுவுக்கு அது நடக்குமா?

நியாயமான கேள்வி. தலா 1,200 வாக்கு எடுக்கும் இரண்டு குழுக்களுக்கும் மேற்சொன்ன கணக்கில் முழு ஆசனம் இல்லை. மீதி வாக்குப் பங்கீட்டில் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் வெறுங்கை. சேர்ந்து 2,400 என்றால் ஓர் ஆசனம் உறுதி. ஆகவே இரண்டாயிரத்தை எட்டும் நம்பிக்கை இல்லாத குழு இன்னொன்றோடு சேரட்டும்.

வெள்ளவத்தை, த.: இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 110 என்கிறீர்கள், சபையில் 117 பேர் இருக்கிறார்களே?

தன் விகிதப் பங்கைவிட அதிக வட்டாரங்களை ஒரு கட்சி வென்றால் அவை பறிபோகாது, சபைதான் பெருகும். 2018 இல் 119, 2025 இல் 117. யாருக்கும் பாதி கிடைக்காததால் 2025 ஜூன் 16 இல் மேயரை உறுப்பினர்களே இரகசிய வாக்கில் தெரிந்தார்கள், 61க்கு 54. மட்டக்குளி ஐயா, ஒற்றை உறுப்பினருக்கும் அந்த அறையில் எடை உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தெஹிவளை: நான் வெள்ளவத்தை வட்டாரத்தில் நிற்கலாமா?

உங்கள் வாக்கு தெஹிவளை-கல்கிசை மாநகர சபையில் இருந்தால் முடியாது. வட்டாரத்தில் வாக்கு இருக்க வேண்டியதில்லை, சபை எல்லைக்குள் இருக்க வேண்டும். இடாப்பைப் பாருங்கள்.

ஹெந்தளை: கடை கொழும்பு செட்டியார் தெருவில், வீடு மாநகர எல்லைக்கு வெளியே இங்கே. கொழும்பில் நிற்கலாமா?

மேலே தெஹிவளைக்குச் சொன்னதேதான். கடை கணக்கில் இல்லை.

அரசாங்க ஊழியர் ஒருவர்: வேலையை விட வேண்டுமா?

பதவியைப் பொறுத்தது. அரசாங்க ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் 32 ஆம் அத்தியாயத்தைப் பார்த்து, திணைக்களத் தலைவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

ஜிந்துப்பிட்டி, ஓர் அம்மா: பட்டியலில் பெண் குறைகிறது, சும்மா கையெழுத்துப் போடு என்கிறார்கள். போடலாமா?

சும்மா போடாதீர்கள் அம்மா. வட்டாரப் பட்டியலில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் 50 வீதமும் பெண்கள் இருக்க வேண்டும், சபையில் 25 வீதம் பெண்களுக்கு. உங்கள் பெயர் இல்லாமல் அவர்கள் மனு நிற்காது. அந்தப் பலத்தோடு பேசுங்கள்: எந்த வட்டாரம், பட்டியல் ஆசனம் வந்தால் யாருக்கு. கையெழுத்திட்டால் சொத்து, பொறுப்புப் பிரகடனமும் கொடுக்க வேண்டும், முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவறிக்கையும் கொடுக்க வேண்டும். ஒரு ரூபாகூடச் செலவழிக்காதவரும் கொடுக்க வேண்டும். பெயருக்கு நின்றவர்கள்தான் இதை மறந்து வழக்கில் மாட்டுகிறார்கள்.

கிரான்ட்பாஸ்: கட்டுப்பணம் எவ்வளவு?

கிருலப்பனைக்கான பதிலில் உண்டு. இதே கேள்வி இன்னும் நால்வரிடமிருந்து வந்திருக்கிறது. தயவுசெய்து மேலே வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

பம்பலப்பிட்டி: வேட்புமனு எதனால் நிராகரிக்கப்படுகிறது?

பெரும்பாலும் அவசரத்தால். சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்து இல்லாமை, பெண், இளைஞர் வீதம் குறைவது, உரியவர் அல்லாதவர் மனுவைக் கையளிப்பது. 2025 இல் இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி முறையாக உறுதிப்படுத்தப்படவில்லை என்று பல மனுக்கள் விழுந்தன, விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 35 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும் உறுதிப்படுத்திய பிரதியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கட்டுப்பணம் கடைசி நாளுக்கு முதல் நாள் நண்பகல் 12 மணியோடு முடியும், மனு கடைசி நாள் 12 மணியோடு. ஆட்சேபனைக்கு 1.30 வரை. இரண்டு நாள் முன்னதாகவே, மனுக்களை ஏற்கும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு, இடாப்பு. நூறு பேரின் இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.