கட்டிலில் கிடக்கும் தம்பிக்கு

கேள்வி: பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட என் தம்பிக்கு வயது 23. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு ஆண்டுகளாகக் கட்டிலிலேயே இருக்கும் அவன், “நான் எதற்கு அக்கா இருக்கிறேன்?” என்கிறான். என்ன சொல்வது?
– வாசகி, சாத்தான்குளம்

பதில்: சகோதரி, அவருக்கு ஆறுதலைவிட, அவரை நம்பி ஒப்படைக்கப்படும் ஒரு பொறுப்பே இப்போது அதிகம் தேவை என்று எண்ணுகிறேன். 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ்.ராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசிக்கு அருகே தம் ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்குச் சூட்டினார். அங்கே முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கு மறுவாழ்வுப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. உங்கள் ஊரிலிருந்து அது எட்டாத தொலைவும் அன்று. ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

தம்பியின் கைகள் நன்றாக இருப்பதால், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாமே மாறப் பழகுவதும், படுக்கைப்புண் வராதிருக்க அடிக்கடி உடலை உயர்த்தி அமர்வதுமே முதல் வேலைகள். வீட்டுக் கணக்கையும் அவரிடமே விடுங்கள். அவர் மெதுவாகச் செய்தாலும் குறுக்கிடாதீர்கள். சாக விரும்புவதாகப் பேசினால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.