138 கிலோ எடையில் இருப்பவர் எடைக் குறைப்பை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வயது 34, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 138 கிலோ. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலிக்கிறது, உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தும் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். ஈரோட்டில் ஒரு நூல் கிடங்கில் கணக்கு எழுதுபவன். ஆனால் 140 கிலோவைத் தாண்டி இருந்து, இப்போது நூற்றுக்குச் சற்று மேலே நிற்பவன் என்ற முறையில் சொல்வதற்குச் சில உண்டு. அவற்றில் முதன்மையானது, நமக்குக் கிடைக்கும் எடைக் குறைப்பு அறிவுரைகளில் பெரும்பாலானவை ஐந்து, பத்து கிலோ கூடியவர்களுக்காகச் சொல்லப்பட்டவை என்பது. காலையில் ஓடுங்கள், கயிறு தாண்டுங்கள், சூரிய நமஸ்காரம் செய்யுங்கள், இரவு உணவை விட்டுவிடுங்கள் என்பவற்றை 138 கிலோ உடம்பின் மேல் அப்படியே ஏற்றினால் முதலில் முழங்கால் கெடும், அடுத்து மனம் சலித்துப்போகும். நீங்கள் ஒரு வாரத்தில் நின்றுபோனதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி வேறு உடம்புக்கானது.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் பி.எம்.ஐ. உங்களுக்கு ஏறத்தாழ 48. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள் என்பதால், இந்த நிலையில் உணவை மாற்றும் முன் ஒரு பொது மருத்துவரைப் பார்ப்பது சம்பிரதாயத்துக்காக அன்று. ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு ஆகியவற்றுக்கான பரிசோதனைகள், மூச்சு வாங்குவதால் ஒரு இசிஜி ஆகியவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளைமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், மருந்தின் அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் திடீரெனக் குறைப்பது ஆபத்து. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படியே, எடை இறங்க இறங்க அளவு மாற வேண்டியிருக்கும். வேறு நோய்களுக்காக ஸ்டீராய்டு, வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநலத்துக்கான ஓலன்சபின் போன்றவற்றை உட்கொள்பவர்களுக்கு அந்த மருந்தே எடையைக் கூட்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாமல், மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

தூக்கத்தைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒன்றும் இல்லை, ஆனால் நான் கேட்கிறேன். பலத்த குறட்டை விடுகிறீர்களா, உறக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று பிறகு திணறி எழுவதாக வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா, காலையில் தலை கனத்துப் பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் அசருகிறதா? அப்படியானால் அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். இரவெல்லாம் சரியாக மூச்சுவிடாதவருக்கு மறுநாள் பசி கூடுதலாக இருக்கும், நடக்கத் தெம்பும் இருக்காது. அதைக் கண்டுபிடித்து, மூக்கில் பொருத்திக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் பகல் என்பதே திரும்பக் கிடைத்தது.

எடை பார்ப்பதிலும் நம் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் வைக்கும் எடைக்கருவிகள் பல 150 கிலோவோடு நின்றுவிடும், சில 180 வரை போகும். ஆகவே வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் உச்ச அளவைப் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் ஏறிப் பார்த்தது எங்கள் கிடங்கில் நூல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில்தான், அதுவும் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து, எதுவும் சாப்பிடாமல் எடை பார்த்தால் போதும். முதல் இரண்டு வாரங்களில் மூன்று, நான்கு கிலோகூட இறங்கலாம். அதில் பெரும்பகுதி, உடலில் சேமித்திருந்த மாவுச்சத்தோடு சேர்ந்து வெளியேறும் தண்ணீர். மூன்றாவது வாரம் வேகம் குறைந்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

உணவுக் கணக்கில்தான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். நாளுக்கு 1,200 கலோரி என்று எங்கோ படித்துவிட்டு அதில் குதிப்பார்கள். உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எடைக்கும் வழக்கமான சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், ஆணாக இருந்தால், சும்மா படுத்திருந்தாலே உங்கள் உடல் ஏறத்தாழ 2,280 கலோரியைச் செலவிடும். பெண்ணுக்கு இது 170 அளவுக்குக் குறையும். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு மொத்தச் செலவு 2,800-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அதில் 600 கலோரியைக் குறைத்து, 2,200 அளவில் சாப்பிட்டாலே வாரத்துக்கு அரை கிலோ இறங்கும். ஏனெனில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டே இளைக்க முடிகிற இந்த வசதி ஒல்லியானவர்களுக்குக் கிடையாது, நமக்கு உண்டு. அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது, தசையும் கரைகிறது. மிகக் குறைந்த கலோரி உணவுமுறை வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் நடந்து 2017-இல் முதல் முடிவுகள் வெளிவந்த டைரக்ட் ஆய்வில், நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் தரும் பானங்களைச் சில மாதங்கள் குடித்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டு முடிவில் சர்க்கரை நோய் மருந்தில்லாமலே அடங்கியிருந்தது. ஆனால் அது மருத்துவக் குழுவின் கண்காணிப்பில், தொடக்கத்திலேயே சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் செய்யப்பட்டது. கடையில் மாவு டப்பா வாங்கி வந்து நாமே கலக்கிக் குடிப்பது அதற்கு ஈடாகாது.

அந்த 600 கலோரியை எங்கிருந்து எடுப்பது என்றால், இட்லியிலிருந்தும் சோற்றிலிருந்தும் தொடங்க வேண்டாம் என்பேன். முதலில் மாதச் சாமான் பட்டியலை எடுத்து எண்ணெய் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 கிராம்; அதை மூன்று லிட்டராக்கினால் 23 கிராம், யாருடைய தட்டிலும் ஒரு வாய் குறையாமலே ஆளுக்கு 130 கலோரிக்கு மேல் மிச்சம். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் அதில் மட்டும் 160 கலோரி. மாலையில் கடைத்தெருவில் நின்று சாப்பிடும் இரண்டு பஜ்ஜியையும், இட்லியோடு கூடவே வரும் வடையையும் சேர்த்துக்கொண்டால் மீதிக் கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஓர் உளுந்து வடையில் இரண்டு இட்லிக்குக் குறையாத கலோரி இருக்கிறது. இவ்வளவையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. டீயின் சர்க்கரை இரண்டு வாரம், அடுத்து மாலைப் பலகாரம், பிறகு எண்ணெய் என்று போனால் வீட்டில் சமைப்பவருக்கும் பழகும்.

சோற்றை நிறுத்த வேண்டாம். இலையின் ஒழுங்கை மாற்றுங்கள். பொரியலும் கூட்டும் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் சோறு நடுவில் மலையாகவும் இருப்பது நம் வழக்கம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டலும் தட்டில் ஏறத்தாழப் பாதி காய்கறி, பழமாக இருக்கட்டும் என்கிறது. முதலில் காய், அதோடு பருப்போ முட்டையோ மீனோ, அதன் பிறகு சோறு என்று சாப்பிட்டால் சோறு தானாகவே குறைவதை நீங்களே காண்பீர்கள். புரதம் போதுமான அளவு இல்லாவிட்டால் இரவு பத்து மணிக்குச் சமையலறைப் பக்கம் கால் தானாகப் போகும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதனை சொன்னால், நாளுக்கு 80 முதல் 100 கிராம் புரதம் ஒரு நல்ல இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், 50 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் சுமார் 10 கிராம் கிடைக்கும். “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழியைக் கேட்டுக் கொள்ளு ரசத்தையே மருந்தாகக் குடிப்பவர்கள் எங்கள் பக்கம் அதிகம். கொள்ளு புரதமும் நாரும் நிறைந்த நல்ல பயறு, தாராளமாகச் சாப்பிடலாம். கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதற்கு இல்லை. வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிப்பதற்கும் அது பொருந்தும், அதில் தேனின் சர்க்கரை வேறு.

நடையைப் பற்றி. தட்டையான தரையில், ஐந்து நிமிடம் போய் ஐந்து நிமிடத்தில் திரும்புங்கள். மூன்று வேளை உணவுக்குப் பிறகும் அப்படி நடந்தால் நாளுக்கு அரை மணி நேரம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ வலி கைக்குப் பரவினாலோ நின்றுவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செருப்பு வேண்டாம், முன்புறம் அகலமான, அடிப்பகுதி தடித்த காலணி வாங்குங்கள். தொடைகள் உரசிப் புண்ணாவதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஆனால் நம்மில் பலர் நடையை விடுவதற்கு அதுவே காரணம். முழங்கால்வரை வரும் பருத்தி உள்ளாடையும், நடக்கும் முன் தடவும் சிறிது வாசலினும் அதைத் தீர்க்கும். மடிப்புகளில் வியர்வை தங்கிப் படர்தாமரை வந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் வேண்டாம், அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நடையோடு சேர்த்து, சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான மர நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை எட்டு, பத்து முறை செய்யுங்கள்; தொடைத் தசை வலுப்பட்டால் முழங்காலின் சுமை குறையும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், காரணத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீச்சல் குளத்துக்குப் போகும் வாய்ப்பும் கூச்சத்தைத் தாண்டும் மனமும் இருந்தால் இடுப்பளவு நீரில் நடக்கலாம். உடல் எடையில் பாதியளவைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும்.

முதல் இலக்காக 70 கிலோவையோ கல்யாண நாளில் இருந்த எடையையோ வைக்காதீர்கள். உங்கள் எடையில் 5 விழுக்காடு, அதாவது 7 கிலோ, போதும். அந்த அளவிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பலருக்கு இறங்கத் தொடங்கும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஓரடி எடுத்து வைக்கையில் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைவதாகக் கண்டார்கள். அப்படியானால் 7 கிலோவுக்கு 28 கிலோ. தராசின் முள் நகராத மாதங்களிலும் செய்வது வீணாகாது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. சென்னை மருத்துவர்கள் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்கு மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி இறங்கியிருக்கவில்லை.

சுற்றி இருப்பவர்களைச் சமாளிப்பது தனி வேலை. எடை கூடியிருந்தபோது கேலி செய்த அதே உறவினர்கள், பத்து கிலோ இறங்கியதும் விருந்தில் பிடித்து நிறுத்தி, “என்னப்பா இப்படி இளைச்சுட்டே, சர்க்கரையா?” என்பார்கள். அதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல், வீட்டில் உணவு பரிமாறுபவரை மட்டும் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். பசியில்லாமலே கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு அழும் இரவுகள் இருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

எடையைக் குறைக்கும் ஊசியையும் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சையையும் குறுக்கு வழி என்று இகழ்பவர்களோடு நான் உடன்படவில்லை. டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாகுளுடைடு ஊசி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. பெரிய ஆய்வுகளில் செமாகுளுடைடு சராசரியாக 15 விழுக்காடு எடையையும், டிர்செபடைடு உயர்ந்த அளவில் 20 விழுக்காட்டை ஒட்டியும் குறைத்தன; குமட்டலும் மலச்சிக்கலும் பலருக்கு வரும், நிறுத்தினால் இறங்கியதில் பெரும்பகுதி திரும்பி ஏறும். ஆகவே எத்தனை ஆண்டுகள் செலவைத் தாங்க முடியும் என்று கணக்கிட்ட பிறகே தொடங்க வேண்டும், அதுவும் மருத்துவர் சீட்டோடு மட்டும். பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டியவர்களுக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் இரைப்பை அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022-இல் அமெரிக்க, பன்னாட்டு உடற்பருமன் அறுவை மருத்துவர் சங்கங்கள் அறிவித்திருக்கின்றன, உங்களுடையது 48. செய்தே தீர வேண்டும் என்பதில்லை, நான் செய்துகொள்ளவும் இல்லை. ஆனாலும் கடைசி வழி என்று ஒத்திப்போடாமல் முதல் சந்திப்பிலேயே அதைப் பற்றிக் கேளுங்கள். கேட்கும்போது, கட்டணத்துக்கு முன்பாக, வாழ்நாள் முழுவதும் வேண்டியிருக்கும் இரும்பு, பி12 மருந்துகளைப் பற்றியும், அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளில் உங்களைத் தொடர்ந்து பார்க்க அங்கே உணவியல் ஆலோசகர் ஒருவர் இருப்பாரா என்பதைப் பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள்.