அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

அன்புள்ள ஐயா,

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வகுப்பு எடுக்கிறேன். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வகுப்பில் 60 பேர். நான் போர்டு பக்கம் திரும்பினால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து ஊளைச் சத்தம். இன்டர்னல் மதிப்பெண்ணில் கை வைப்பேன் என்று மிரட்டினேன், வெளியே அனுப்பினேன், செல்போனைப் பிடுங்கினேன். ஒருவன் மட்டும் அடங்கவில்லை. அவன் அப்பா லாரி டிரைவர். திங்கட்கிழமை அவரை வரச் சொல்லியிருக்கிறார் எங்கள் துறைத் தலைவர், எச்.ஓ.டி. நான் கண்டிப்பாக இருப்பதா, தோழி மாதிரி பழகுவதா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

கண்டிப்பா, தோழமையா என்பதைத் தூக்கிப் போடுங்கள். இரண்டுமே வேஷம்தான், பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். செல்போனை வகுப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் இன்டர்னல்? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துத் தாளுக்கு அகமதிப்பீடு 40 மதிப்பெண். அது அவன் படித்ததற்கு. ஊளையிட்டதற்காக அதில் கை வைப்பது, கோபம் வந்தால் கடைக்காரர் எடைக்கல்லை மாற்றுவது மாதிரி. இனி அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தத் திங்கட்கிழமையால்தான்.

எனக்கு அப்போது 27 வயது. ஒரு கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் எடுத்தேன். ஒரு பையன், நான் திரும்பும்போதெல்லாம் டவுன் பஸ் ஹாரன் அடிப்பான். அச்சு அசல். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று கை நடுங்கியது. "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்பு" என்றேன். நான்கு நாள் வராந்தாவில் நின்றான். ஐந்தாம் நாள் வந்தார். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர். இரவு ஷிப்ட் முடித்து நேராக பஸ் ஏறியிருக்கிறார். தேய்த்த சட்டை, காது மடலில் மட்டும் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், என்னை "சார்" என்றார்.

அவர் வாயைத் திறந்ததும் ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது. அத்தனை சத்தம். தறிச் சத்தத்துக்குள்ளேயே முப்பது வருடம் பேசிப் பழகிய குரல். நான் சொன்னதும் அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "என்னங் சார்?" என்று மூன்று முறை கேட்டார். மகன் செய்த குற்றத்தை நான் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. பையன், "அப்பா, மெதுவா" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

அதன்பின் என் வகுப்பில் ஹாரன் கேட்கவே இல்லை. எச்.ஓ.டி. பாராட்டினார். அவன் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை. கடைசி வரை என் முகத்தையே பார்க்காமல் படித்து முடித்துப் போனான்.

ஆகவே, பலன் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். பலன் கிடைக்கும், அதுதான் கொடுமை. ஓட்டுப் போடும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது 1989-ல். இந்தப் பிள்ளை எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கலாம். வகுப்பில் சத்தம் போட்டால் மட்டும் அப்பா வரவேண்டுமாம். வந்து என்ன செய்வார்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கைகட்டி நிற்பார். தண்டனை யாருக்கு? டாக்டர் மகனாக இருந்தால் இதே எச்.ஓ.டி. போனிலேயே பேசி முடித்திருப்பார். நீங்களும் அதற்குத் தலையாட்டியிருக்கிறீர்கள்.

சரி, என்னதான் செய்வது என்பீர்கள். "யார்டா அது?" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த ஒரு கேள்வியில் 60 பேரும் ஒரே கட்சியாகிவிடுவார்கள். போர்டில் எழுதுவதைக் கொஞ்சம் குறைத்து, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடி பாடம் எடுங்கள். அவனை எல்லார் முன்னும் திட்டாமல், வகுப்பு முடிந்ததும் படிக்கட்டுப் பக்கம் தனியாக நிறுத்திப் பேசுங்கள். தமிழில் பேசுங்கள். "நீ சத்தம் போட்டா எனக்குப் பாடம் மறந்துபோகுது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அப்புறமும் அடங்காவிட்டால் அவன் பெயரிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள், அவனே வந்து பதில் சொல்லட்டும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

முதலில் எச்.ஓ.டி.யிடம் பேசி, அந்த டிரைவருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். திங்கட்கிழமை வரவேண்டாம், லோடு இருந்தால் வண்டியை எடுக்கட்டும்.