சுகர் டாக்டரிடம் மனநல மாத்திரையை மறைக்கலாமா?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 63 வயது. பத்து வருஷமாக சுகர், பிரஷர். மனச்சோர்வுக்காக ஒரு மாதமாக மனநல டாக்டர் கொடுத்த எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறார். சுகர் டாக்டரிடம் சொல்லவில்லை, 'பைத்தியக்கார மாத்திரைன்னு நினைப்பார்' என்கிறார். ஒரு வாரமாகத் தலைசுற்றல், மந்தம். நிறுத்திவிடலாமா? எந்த டாக்டரிடம் போவது?"

நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் நாளைக்கே ஒரு டாக்டரைப் பாருங்கள்.

பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து, பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று ஓர் எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து அதில் கலந்திருக்கும். எஸ்சிடலோபிராமும் ரத்தத்தில் சோடியத்தை, அதாவது உப்புச் சத்தைக் குறைக்கக்கூடியதுதான். இரண்டும் சேரும்போது, அதிலும் வயதான பெண்களுக்கு, சோடியம் 135-க்குக் கீழே இறங்கி இந்த மாதிரி மந்தமும் தள்ளாட்டமும் வரலாம், மருந்து தொடங்கின முதல் சில வாரங்களில்தான் அது அதிகம். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். அதுதான் காரணம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, சுகர் இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும், அதனால் தலை சுற்றும்போதே வீட்டு மெஷினில் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள், 70-க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீர். பேச்சு குழறினால், வாந்தி, வலிப்பு வந்தால் லேபுக்கு அல்ல, நேராக எமர்ஜென்சிக்கு. உப்பு குறைவு என்று கேள்விப்பட்டதும் சாம்பாரில் ஒரு கை அள்ளிப் போடாதீர்கள், அவருக்கு பிரஷர் இருக்கிறது.

திடீரென்று எஸ்சிடலோபிராமை நிறுத்தினால் தலைக்குள் ஷாக் அடிப்பது போலவும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரலாம். குறைப்பதா மாற்றுவதா என்பதை எழுதிக்கொடுத்தவர் முடிவு செய்யட்டும், சோடியம் ரிப்போர்ட் கையில் இருந்தால் அவருக்கும் சுலபம்.

சரி, மறைப்பது பற்றி. என் அனுபவத்தில் சுகர் ஃபைல் கட்டைப்பையில் கிளினிக்குக்கு வரும், மனநல ஃபைல் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கும். ஆனால் உடம்பு ஒன்றுதானே. சுகர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் இரண்டு மடங்கு. மனசு சோர்ந்தால் நடைப்பயிற்சி நிற்கும், மாத்திரை மறக்கும், ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்) ஏறும். தைராய்டு குறைந்தாலும், வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டு வைட்டமின் பி12 குறைந்தாலும் சோர்வுதான் வரும், அதை மனநோய் என்று மட்டும் நினைத்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிற ஆபத்தும் இருக்கிறது. இந்த இரண்டு டெஸ்டும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

மனநலத்தைச் சாதாரண டாக்டரிடமே கொண்டுசேர்க்கும் யோசனை நம் ஊருக்குப் புதிதல்ல. 1980-களிலேயே நம் பெங்களூரு மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ்காரர்கள் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்துபார்த்தார்கள்; 1996-ல் அதை வைத்துத்தான் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி டாக்டருக்கு ஐந்தாம் மாடியில் என்ன எழுதினார்கள் என்று தெரிவதில்லை, என் கோபமே அதுதான்.

அதனால் அந்த வேலையை இப்போதைக்கு நீங்கள்தான் செய்ய வேண்டும். ஒரே தாளில் இங்கிலீஷில் எழுதுங்கள்: ஒவ்வொரு மாத்திரையின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, யார் எழுதியது, கடைசி ஹெச்பிஏ1சி, கிரியேட்டினின் (கிட்னி டெஸ்ட்), சோடியம். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு டாக்டரிடமும் அதையே நீட்டுங்கள். கன்னட டாக்டர், தமிழ் அம்மா, நடுவில் நீங்கள் என்கிறபோது வாய்ப்பேச்சில் பாதி விட்டுப்போகும், தாளில் போகாது. அம்மாவுக்குக் கூச்சமென்றால் வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, தாளைக் கொடுத்தால் போதும். மனசு விட்டுத் தமிழில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம்.

அப்புறம் ஒன்று. முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கையும் அந்தத் தாளில் எழுதுங்கள். எஸ்சிடலோபிராமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும், ஆனால் வீட்டில் யாரும் அதை மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.