ஸ்கேனில் நெறிகட்டுன்னு சொன்ன பையனின் அம்மாவுக்கு

ஒன்பது வயசுப் பையனுக்குச் சளிக்காய்ச்சல் விட்டதும் தொப்புளைச் சுத்தி வலி, ஸ்கேனில் குடலையொட்டி நெறிகட்டு (நிணநீர் முடிச்சு வீக்கம்), ஆனா ஆன்டிபயாடிக் தரலையேன்னு கேட்டிருக்கீங்க. தராதது சரிதாங்க. பெரும்பாலும் வைரஸ் வேலை, அதுக்கு அந்த மருந்து கேட்காது. எங்க பொண்ணுக்கு மூணு வாரம் இழுத்துச்சு.

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, உடல் எடையில கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கொரு தடவை, நாளுக்கு 4 வேளைக்கு மேல வேண்டாம். கஞ்சி, மோர் போதும், திணிக்காதீங்க. வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்தி வயித்துல வெச்சா, சுருண்டு படுத்த எங்க பொண்ணு மெல்லக் காலை நீட்டுவா.

வலி வலது அடிவயித்துல நிலைச்சாலோ, குதிக்கச் சொன்னா வலியில மறுத்தாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி: குடல்வால் வீக்கமோ குடல் அடைப்போ இருக்கலாம். வாரக்கணக்கில் சாயங்காலக் காய்ச்சல், எடைக்குறைவுன்னா காசநோய்க்கும் பார்க்கச் சொல்லுங்க.