அனுபவம் இருக்க, நாவல் எதற்கு?

கேள்வி: சில வருடங்களாகச் சிறுகதை எழுதிவருகிறேன். நாவல் வாசிப்பதை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். மற்றவர்களின் நடை தொற்றிவிடும் என்ற பயம். போரையும் இடப்பெயர்வையும் நேரில் பார்த்தவனுக்கு எழுத அனுபவம் போதாதா? நாவல் வாசித்துத்தான் கதை எழுதப் பழக வேண்டும் என்றால், எவற்றை வாசிக்கலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: தம்பி, கேள்வியோடு நீங்கள் அனுப்பிய கதையும் என் மேசையில் இருக்கிறது. அதில் வானம் அழுகிறது, மண் குருதியில் தோய்கிறது, தாயின் கண்கள் குளமாகின்றன. இதில் எது உங்கள் நடை? ஞாயிறு மலர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இறந்தவர் நினைவாக அச்சிடும் முப்பத்தொன்றாம் நாள் கல்வெட்டுகளிலும் புழங்கிப் புழங்கித் தேய்ந்த சொற்கள் இவை. நாவல் வாசிக்காதவரையும் நடை தொற்றத்தான் செய்கிறது. யாரிடமிருந்து தொற்றியது என்பதுதான் அவருக்குத் தெரிவதில்லை. நல்ல நாவலாசிரியர் ஒருவரைப்போலக் கொஞ்சக் காலம் எழுதிப் பார்த்தவர்கள் பிறகு அதிலிருந்து மீண்டிருக்கிறார்கள். கல்வெட்டு நடையிலிருந்து மீண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி அனுபவத்துக்கு வருவோம். உங்கள் கதை 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவில் தொடங்குகிறது. இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே கிழக்கே தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில் நானும் நடந்தேன். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பலரும் நடந்தார்கள். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க முடியாத நெரிசல். அனுபவம் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அந்த இரவைப் பற்றி இந்த அலுவலகத்துக்கு வரும் கதைகள் அனேகமாக எல்லாம் ‘மக்கள் வெள்ளம்’ என்றே தொடங்குகின்றன. வெள்ளத்துக்குள் ஒரு முகமாவது தெரியவேண்டாமா?

நெப்போலியனின் படை நெருங்கியபோது மொஸ்கோ நகரம் காலியானது 1812இல். டோல்ஸ்டோய் பிறந்தது 1828இல். அந்த இடப்பெயர்வில் அவர் நடக்கவில்லை. அவர் பிறப்பதற்கு 16 வருடம் முந்திய சங்கதி அது. ‘போரும் வாழ்வும்’ நாவலில் அதை அவர் எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். ரொஸ்தோவ் குடும்பத்தின் முற்றத்துக்கு நம்மைக் கூட்டிப்போகிறார். 30 வண்டிகள் நிற்கின்றன. கம்பளங்களும் பீங்கான்களும் பெட்டிக்குள் போகின்றன. அடுக்கியது சரியில்லை என்று மகள் நதாஷா எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்குகிறாள். காயப்பட்ட வீரர்கள் வண்டியில் இடம் கேட்கிறார்கள். தந்தை இளகுகிறார். பிள்ளைகளின் சொத்தை விட்டுவிட்டுப் போவதா என்று தாய் மறுக்கிறாள். அந்த நேரம் பார்த்து மருமகன் பேர்க் வந்து நிற்கிறார். வருகிற வழியில் ஒரு பிரபுவின் வீட்டில் சின்ன அலுமாரி ஒன்றும் ஒப்பனை மேசையும் விலைக்கு இருக்கின்றன, மனைவிக்கு அப்படி ஓர் அலுமாரியில் நெடுநாள் ஆசை, ஏற்றிவர ஒரு வண்டி தந்துதவ வேண்டும் என்கிறார். நகரமே போகப்போகிறது, மனிதருக்கு அலுமாரி வாய்த்த சந்தோஷம்!

அதற்குப் பிறகுதான் நதாஷா பாய்ந்து வந்து, இது கேவலம் என்று தாயைப் பார்த்துக் கத்துகிறாள். பெட்டிகள் இறங்குகின்றன, காயப்பட்டவர்கள் ஏறுகிறார்கள்.

பேர்க்கை ஏன் அந்த இடத்தில் கொண்டுவந்தார்? அவர் வராமல் நதாஷா கத்தியிருந்தால், அது நல்ல பெண் ஒருத்தியின் நல்ல பேச்சாகப் போயிருக்கும். அலுமாரிக் கதையைக் கேட்ட நமக்கு ஏற்கெனவே கோபம் வந்துவிட்டது. அதே கோபத்தோடுதான் அவளும் உள்ளே வருகிறாள். நம் மனதில் இருந்ததைத்தான் அவள் சொல்கிறாள். எதை எதற்கு முன்னால் வைப்பது என்ற இந்தக் கணக்கை நாவற்குழிப் பாலம் எனக்குச் சொல்லித்தரவில்லை. உங்களுக்கும் தரவில்லை.

உங்கள் கதையிலும் ஓர் அலுமாரி இருக்கிறது, தம்பி. மூன்றாம் பக்கத்தில், அம்மம்மா தையல் மெஷினின் தலையைக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டச் சொல்கிறார். அதற்காக அரிசிப் பை இறக்கப்படுகிறது. ஒரே ஒரு வரி. அடுத்த வரியில் நீங்கள் பாலத்துக்கு அப்பால் கைதடியில் நிற்கிறீர்கள். அரிசியை இறக்கியது யார்? அம்மா வாய் திறக்கவில்லையா? பிள்ளைகள் பசியென்று அழுதபோது அந்தச் சேலைப் பொதியை யார் எப்படிப் பார்த்தார்கள்? இந்த மெஷினைக் கற்பனையில் உண்டாக்க முடியாது. அது உங்கள் அனுபவத்தின் கொடை. ஆனால் அந்த இடத்தில் நின்று எழுதவேண்டும் என்று உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் 2009 முள்ளிவாய்க்கால் வரை போகவேண்டிய அவசரத்தில் இருந்தீர்கள். 14 வருடங்களை எட்டுப் பக்கத்தில், பந்தியில் பரிமாறுவதுபோல ஆளுக்கு ஒரு கரண்டி வீதம் வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

எங்கே ஓடுவது, எங்கே நிற்பது என்பதை நாவலைப்போல வேறு எதுவும் பழக்காது. அதற்கு ஒரு தடவை வாசித்தால் போதாது. முதல் தடவை கதை இழுத்துக்கொண்டு போகும், போகட்டும். இரண்டாவது தடவை பென்சிலோடு உட்காருங்கள். ஐந்து நிமிடமா, ஓர் இரவா, மூன்று வருடமா, அந்தப் பக்கத்தில் கழிந்த காலம் எவ்வளவு என்று ஓரத்தில் குறியுங்கள். (சொந்தப் புத்தகத்தில் மட்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டுப் பட்டதே போதும்.) உரையாடல் எழுத வரவில்லை என்றால் சாதிக்கொடுமையை எழுதிய ஈழத்து எழுத்தாளர் கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை எடுத்து, யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்பதை மட்டும் தொடர்ந்து பாருங்கள். சாதியைப் பற்றி ஆசிரியர் தனியாக விளக்கவேண்டிய தேவை எவ்வளவு குறைகிறது என்று தெரியும்.

ஓர் எச்சரிக்கை. டோல்ஸ்டோயின் அந்த நாவலின் முடிவில் வரலாற்றைப் பற்றி நீண்ட பிரசங்கம் ஒன்று இருக்கிறது. நம்மவர்கள் அவரிடம் படித்துக்கொள்வது பெரும்பாலும் அதைத்தான்.

பட்டியல் தரமாட்டேன். பட்டியல் வாங்கிப்போனவர்கள் அடுத்த முறை இன்னொரு பட்டியல் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள். கதையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முள்ளிவாய்க்காலுக்கு வரவேண்டாம், கைதடிக்கும் வரவேண்டாம். அரிசிப் பை இறங்கிய அந்த முற்றத்திலேயே எட்டுப் பக்கமும் நடக்கட்டும். 15ஆம் திகதிக்கு முன் கிடைத்தால் அடுத்த இதழுக்கே பார்க்கிறேன்.