திராட்சை மது நொதிக்கும்போது சத்துக் குறைபாடு ஈஸ்ட் செல்களை என்ன செய்கிறது?

இது பரீட்சைக்குப் படிக்கிறவரின் கேள்வியாகத் தெரியவில்லை. பாதியில் நின்றுபோன நொதித்தலைப் பார்த்து, "ஈஸ்ட் செத்துவிட்டது, கொட்டிவிடு" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். (குடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் நுண்ணுயிரியல் படித்தவன். பேச்சு செல்லைப் பற்றியது.)

ஆய்வு மாணவனாக இருந்தபோது திராட்சைச் சாற்றை நொதிக்கவிட்டு, கரியமில வாயு வெளியேறுவதால் குடுவையின் எடை எவ்வளவு குறைகிறது என்று தினமும் குறித்துவந்தேன். மளமளவென்று குறைந்துகொண்டிருந்த எடை, சர்க்கரை பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே அசையாமல் நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். வழிகாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் செத்துவிட்டது" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்குக் கொட்ட மனம் வரவில்லை. ஒரு துளி எடுத்து மெத்திலீன் நீலம் கலந்து நுண்ணோக்கியில் வைத்தேன். இறந்த செல் நீலமாகிவிடும்; உயிருள்ள செல் அந்தச் சாயத்தை நிறமிழக்கச் செய்துவிடும். கண்ணில் பட்டவை ஏறக்குறைய எல்லாமே நிறமற்றுத் தெளிவாக இருந்தன. ஆனால் ஒன்றின் விளிம்பிலும் மொட்டு இல்லை; ஈஸ்ட் மொட்டுவிட்டுத்தான் பெருகும். உயிரோடுதான் இருந்தன, பெருகுவதை நிறுத்தியிருந்தன.

காரணம் நைட்ரஜன் பற்றாக்குறை. ஈஸ்டுக்குப் பயன்படும் நைட்ரஜன் என்றால் அம்மோனியமும் அமினோ அமிலங்களும்தான். அதிலும் சாற்றில் தாராளமாகக் கிடக்கும் புரோலின் என்ற அமினோ அமிலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதைச் செரிக்க ஆக்சிஜன் வேண்டும்; நொதிக்கும் சாற்றில் அது கிடைக்காது. இப்படிப் பயன்படும் நைட்ரஜன் லிட்டருக்கு 140 மில்லிகிராம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் குறைந்தபட்சம். சர்க்கரை கூடினால் தேவையும் கூடும். நைட்ரஜன் கிடைக்காதபோது செல் புதுப் புரதம் செய்வது குறைகிறது. சர்க்கரையை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்களும் சிதைந்துபோகின்றன. சுற்றிலும் சர்க்கரை, உள்ளே கொண்டுவர ஆளில்லை. நாற்றத்துக்கும் இதுதான் காரணம். செல் சல்பேட்டைச் சல்ஃபைடாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பிணைத்து, கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களான மெத்தியோனினும் சிஸ்டீனும் ஆக்குவதற்கான மூலப்பொருளுக்கு நைட்ரஜன் வேண்டும். அது இல்லாததால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே கசிகிறது.

அம்மோனியம் உப்பைச் சிறிது சேர்த்ததும் எடை மறுபடி குறையத் தொடங்கியது. இதைப் படித்துவிட்டு எப்போது நின்றாலும் அம்மோனியத்தைக் கொட்டாதீர்கள். எத்தனால் 10 சதவீதத்தை எட்டிவிட்டால் செல் சவ்வு புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) உள்ளே கசியவிடும்; நைட்ரஜனை உள்ளே எடுப்பதே முடங்கிவிடும். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீரும் சமயத்தில் சேர்ப்பதுதான் பலன் தரும்.

இன்னொரு பற்றாக்குறையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. பிற்பாடு, கண்ணாடிபோலத் தெளியவைத்த சாற்றில் வேண்டிய அளவு நைட்ரஜன் சேர்த்தே சோதித்துப் பார்த்தேன். இந்த முறை நுண்ணோக்கியில் நீலம் நீலமாகத் தெரிந்தது. கலங்கலை நீக்கும்போது அதோடு சேர்ந்து, செல் சவ்வுக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்களான ஸ்டெராலும் கொழுப்பு அமிலங்களும் போய்விடுகின்றன. ஆக்சிஜன் இல்லாமல் ஈஸ்டால் ஸ்டெராலையோ நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தையோ தானே செய்துகொள்ள முடியாது. எத்தனாலைத் தாங்கும் சவ்வும் அமையாது. நைட்ரஜன் தீர்ந்துபோன செல் கடையை அடைத்துவிட்டுக் காத்திருக்கும். நைட்ரஜன் நிறைய இருந்து கொழுப்பு இல்லாத செல்லுக்கோ அடைக்கச் சொல்லும் சமிக்ஞையே வராது, அப்படியே மடிகிறது. கொழுப்புக் குறைந்த சாற்றில் நைட்ரஜனை ஏற்றுவது சாவைக் கூட்டும் என்று சொன்னால், "சத்து எப்படிக் கெடுதலாகும்?" என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இதையெல்லாம் நான் பார்த்தது காலொடிந்த பழைய நுண்ணோக்கியில். கேமரா பொருத்திய புதியது துறைத்தலைவர் அறையில் உறை போட்டு நின்றது, விருந்தினர் வந்தால் காட்டுவதற்காக. அதைத் தொட விண்ணப்பம் எழுதி, கையெழுத்துக்கு அலைந்து, கடைசியில் "மாணவர்கள் கெடுத்துவிடுவார்கள்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தேன். கருவி உழைத்துத் தேய்வதை விடத் தூசி படிவதே மேல் என்று நினைப்பவர்களிடம் என்ன பேசுவது?

நொதித்தல் நின்றபோது சர்க்கரை எவ்வளவு மிச்சமிருந்தது, சாறு கலங்கலா தெளிவா, இரண்டையும் எழுதுங்கள். அது தெரியாமல் எதைச் சேர்க்கச் சொல்வது?